ஒன்பது வோல்ட்

இதற்கு முன் பதினோரு பயிற்சிக்குப் போயிருக்கிறேன்.
அதில் ஒன்று, பவர்பாயின்ட் இல்லாமல் பாடம் நடத்துவது எப்படி என்று
நூற்றுப் பதினாறு பவர்பாயின்ட் பக்கங்கள்.
ஆகவே மன்னார்குடிக்குப் பஸ் ஏறிய அன்று
காலாண்டுத் தேர்வுத்தாள் கட்டு பையில் இருந்தது,
கடைசி வரிசையில் உட்கார்ந்து திருத்த.

ஐந்து நாள். நாற்பத்திரண்டு பேர்.
மின்விசிறிக்கு நேர்கீழ் நாற்காலிக்காக
எட்டாம் வகுப்பைவிட மோசமாகச் சண்டை போட்டோம்.
மூன்றாம் நாள் வந்த கருத்தாளர்
ஜமால் உசேன், முத்துப்பேட்டைக்காரர்,
வணக்கம்கூடப் பாதிதான் சொன்னார்.
ஒரு பேட்டரி, ஒரு சிவப்பு எல்.இ.டி.,
பென்சிலைப் பிளந்து எடுத்த இரண்டு கரிக்குச்சி,
இரண்டு டம்ளர் தண்ணீர்.
மேசையில் வைத்துவிட்டு சன்னலோரம் போய் நின்றார்.
ஒன்றில் எரிந்தது, ஒன்றில் எரியவில்லை.
ஏன் சார் என்றோம்.
"விடை தெரியும். ஆனா மூணு நிமிஷம்
நாக்குக்கு அடியிலயே வச்சிருப்பேன்."

மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று
பத்தொன்பது வருடம் வகுப்பெடுத்தவளுக்கு
அன்றுதான் தெரிந்தது.
கட்டு பிரிக்கப்படாமலே ஊர் திரும்பியது.

எங்கள் பள்ளி தலைஞாயிற்றுக்குக் கிழக்கே,
ஆறு களைத்துப்போய் வந்து சேரும் இடம்.
மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகும்
நாங்கள் ஒரு மாதம் நாட்காட்டி கிழிக்க வேண்டும்.
"ஆளுக்கு ஒரு பாட்டில், அவங்கவங்க வீட்டுத் தண்ணி" என்றேன்.
இருபத்தேழு பாட்டில் வந்தது.
ரித்தீஷ் மட்டும் கடையில் வாங்கியது;
அதற்கு விளக்கு கண்ணே திறக்கவில்லை.
வாய்க்கால் தண்ணீருக்கு மினுக்கென்றது.
அஸ்விதா வீட்டு அடிபம்புக்கு இன்னும் கொஞ்சம்.
லோகித்தின் பாட்டிலில் குச்சியை விட்டதும்
கங்கு மாதிரி நின்று எரிந்தது.
வகுப்பே கை தட்டியது. ஒரு விசில்கூட.
பரிசு வாங்கியவன்போல அவன் சுற்றிப் பார்த்தான்.

"எங்க போர் தண்ணிக்கு மட்டும் ஏன் டீச்சர் இவ்வளவு வெளிச்சம்?"

மூன்று நிமிடம்.
இரும்பு என்றார்கள். ஆழம் என்றார்கள்.
"அவங்க வீட்டுல கரண்டு ஜாஸ்தி" என்றது கடைசி பெஞ்ச்.
நித்திகா ஒன்றும் சொல்லாமல் எழுந்து
சத்துணவுக் கூடத்துக்குப் போனாள்.
உள்ளங்கையில் பொத்தி எடுத்து வந்ததை
ரித்தீஷின் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினாள்.
விளக்கு கண் திறந்தது.

யாரும் தட்டவில்லை.
லோகித் தன் பாட்டிலை மூடினான்,
மூடியை இரண்டாம் முறை இறுக்கினான்.
போன தையில், அம்மாவின் வளையலை வைத்து
நூற்று இருபது அடிக்கு இறக்கிய போர்.

சரியான விடை வந்த பிறகு
என்ன செய்வதென்று
ஐந்து நாளில் யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மறுநாள் அவன் வரவில்லை.
அதற்கடுத்த நாள் சைக்கிளின் இரு பக்கமும் சாக்குப் பை.
பதினாலு பாட்டில், ஒவ்வொன்றிலும் மார்க்கரில்
வயல் யாருடையது, எத்தனை அடி.
"எது மங்கலா எரியுதுன்னு பாக்கணும் டீச்சர்."
அவனுக்கு இப்போது இருட்டு வேண்டியிருந்தது.
ஒன்பதாவது பாட்டிலில் விளக்கு தயங்கியது.
அவன் சிரிக்கவில்லை.
பேட்டரி இறங்கியிருக்குமோ என்று
குச்சிகளைத் துடைத்து
தன் வீட்டுத் தண்ணீரில் விட்டுச் சரிபார்த்தான்.
அதை நான் சொல்லித்தரவில்லை.

நேற்று செல்போனில் படிவம் வந்தது.
பயிற்சியால் வகுப்பறையில் ஏற்பட்ட தாக்கம்:
மிக அதிகம், அதிகம், ஓரளவு, இல்லை.
ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் போகும்.
எதையோ தொட்டேன்.
கருத்துகள், இருபது சொற்களுக்கு மிகாமல்:

பேட்டரி தீர்ந்துவிட்டது.
இன்னும் ஆறு வேண்டும்.
அறுவடை முடிந்த வயல்களுக்கே இன்னும் போகவில்லை.